பூசி மெழுகுதல்

பதினைந்து டாலர்.
ஏலக்காரன் ஒரு தரம் என்றான்,
இரண்டாம் தரத்துக்கு ஆளில்லை.

பத்தொன்பது வருடம் நான் உட்கார்ந்த மேசை
சுவரோரம் கால் வளைந்து நின்றது.
அதை நான் கேட்கவில்லை.
நான் வாங்கியது
லைல் ஸ்டாட்லரின் மேசையை.

முழு இரும்பு. யானைக்குட்டி கனம்.
பக்கத்து வீட்டு வெண்டெல்லும் அவன் மச்சானும்
வேனிலிருந்து இறக்கி
என் கராஜுக்குள் தள்ளிவிட்டு மூச்சு வாங்கினார்கள்.
ஈரி ஏரியிலிருந்து நவம்பர் காற்று.
"இதை வைத்து என்ன செய்யப்போகிறாய், ட்ரூடி?"
"உரிக்கப்போகிறேன்."

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும்,
தேய்க்காதே, ஊறவிட்டு எடு என்று
கடைப் பெண் இரண்டு முறை சொன்னாள்.
கையுறை, கண்ணாடி, முகமூடி.
பசையைத் தடவி, பிளாஸ்டிக் தாளால் போர்த்தி,
அரைமணி காத்திருந்தேன்.
பால் மேல் ஆடைபோல் சுருங்கி வந்தது
பிஸ்கட் நிறம்.
கணினிகள் வந்த வருடம் எல்லாவற்றுக்கும் அடித்தது.
அதன் கீழே மருத்துவமனைப் பச்சை.
அதற்கும் கீழே சாம்பல்.
அந்தச் சாம்பலில் யார் உட்கார்ந்தார்,
யாரை எழுந்து போகச் சொன்னார், தெரியாது.

ஸ்டாட்லர் பொய் சொன்னால் மேசைக்குள் கால் ஆடும்.
எங்கள் பக்கம் தகடு மறைக்கும்;
டொக் டொக் மட்டும் கேட்கும்.
இப்போது குனிந்து பார்த்தேன்:
உள்தகட்டில் ஒரு தேய்ந்த பிறை,
மூன்று நிறத்தையும் தாண்டி இரும்பு வரை.
எனக்கு முன்னாலேயே உரிக்கத் தொடங்கியிருக்கிறான் மனுஷன்.

"நிறுவனம் புதிய திசையில் பயணிக்கிறது."
கடிதத்தில் மொத்தம் நான்கு வரி,
நன்றாகப் பூசி மெழுகியது.
வாசித்துக் காட்டினான்.
டொக் டொக்.

வலது கீழ் இழுப்பறை எப்போதும் பூட்டு.
எங்கள் எல்லோர் பெயரிலும் அதில் ஒரு கோப்பு உண்டு என்று
கணக்குப் பிரிவு நோரீன் சத்தியம் செய்வாள்.
துளைபோடும் மெஷினை எடுத்தேன்.
இரண்டு முனை உடைந்தது. மூன்றாவதில் திறந்தது.
உள்ளே வயிற்றெரிச்சல் மாத்திரை, பாதிப் பட்டை.
அப்புறம்
அந்தப் பூட்டின் சாவி.

கராஜ் தரையில் உட்கார்ந்து
எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஆறாம் நாள் சாயங்காலம்
எஃகுப் பஞ்சால் தேய்த்து முடித்தபோது
மேல்தகடு மட்டும் தனியாக வெளிச்சமாக இருந்தது.
அன்றே வார்னிஷ் அடித்திருக்க வேண்டும்.
தோள் ஒத்துழைக்கவில்லை. படுத்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால்
ஏரி ஈரத்தில், நடுவில்,
துருவால் வரைந்த ஒரு உள்ளங்கை.

வியர்வை படிந்தால் வெற்று இரும்பு அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.
தேய்த்து எடுக்கப் பஞ்சைத் தூக்கியவள் நிறுத்தினேன்.
இருக்கட்டும்.
பத்தொன்பது வருடம் அவன் முன்னால் நின்றும்
ஒருநாள் கூட அதில் கை ஊன்றியதில்லை.
இப்போது ஊன்றியிருக்கிறேன்.
அதன் மேலேயே வார்னிஷ் அடித்தேன், மூன்று பூச்சு,
ஒவ்வொன்றும் காயக் காத்திருந்து.

மெழுகு தேய்க்கும்போதுதான் உறைத்தது:
நான் கையுறையைக் கழற்றவே இல்லையே.
குனிந்து விரல்களை எண்ணினேன்.
சுண்டுவிரல் பாதியில் நின்றது.

ரயில் எஞ்சின் ஆலையில் போனது வெண்டெல்லின் மீதிப் பாதி.
அன்று சாயங்காலம் ஏணி கேட்டு வந்தவன்
நான் தேடும்வரை சாய்ந்து நின்றிருந்தான்.

கொஞ்சம் கோபம் வந்தது, உண்மை.
அப்புறம் மெழுகைத் தொடர்ந்தேன்,
வட்டம் வட்டமாக.

மேசை சமையலறைக் கதவில் நுழையவில்லை,
அரை அங்குலம். கராஜிலேயே கிடக்கிறது.
ஏணியைத் திருப்பித் தர வெண்டெல் வந்தான்.
"பளபளக்கிறதே" என்றான்.
நான் எதையும் காட்டவில்லை.
காபிக் கோப்பையை வைத்தான்,
சரியாக அந்த உள்ளங்கை மேல்.