வெற்றுக் கட்டம்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி சேகோ ஆலையில்
தகரக் கூரைக்குக் கீழே என் மேசை.
திரையில் மூன்று ஷீட்:
தை, மாசி, பங்குனி.

கிழங்கின் மாவுக்குப் பாயிண்ட்.
சராசரி இருபத்தேழைத் தாண்டினால்
டன்னுக்கு இருநூறு கூட.
"யார் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள எடுத்துரும்மா"
என்று சொல்லிவிட்டுப் பழனிமுத்து
லாரிக்காரரோடு சண்டைக்குப் போனார்.

பெயர் பொருந்தினால் எடு,
ஊர் குப்பனூர் என்றால் எடு,
மூன்று ஷீட்டிலும் தேடு, கூட்டு, வகு.
எழுதிய சூத்திரம் ஒரு முழ நீளம்.

சீரங்கனுக்கு இருபத்தெட்டரை.
அப்படியே விட்டிருக்கலாம்.
ஐந்து லோடு இறக்கியவருக்கு
இரண்டுதான் கணக்கில் நின்றது.

மாசியில் எடைமேடை ஷபீர்
மரியாதைக்கு அவரை ஸ்ரீரங்கன் ஆக்கியிருந்தான்.
பங்குனியில் என் விரல்
பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளியைத் தட்டியிருந்தது,
கண்ணுக்குத் தெரியாத வெள்ளை.
சூத்திரத்துக்கு அவர் மூன்று ஆள்.

மூவரையும் ஒருவராக்கினேன்.
நியாயமாகத்தான் செய்தேன்.
சரிந்தது சராசரி:
இருபத்திரண்டு புள்ளி நான்கு.

வரிசையாய்ப் பார்த்தேன்.
இருபத்தொன்பது, இருபத்தெட்டு,
பூஜ்ஜியம்,
இருபத்தேழு, இருபத்தெட்டு.

பூஜ்ஜியமா?
மாவே இல்லாத கிழங்கு
சேர்வராயன் அடிவாரத்தில் எங்கே விளைகிறது?

"அக்கா, அன்னைக்குக் கரண்ட் இல்ல,
சோதிக்கவே இல்ல.
கட்டம் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்னு
ஒரு சைபர் போட்டேன்."

கணினிக்கு அது தெரியாது.
காலியை விட்டுவிட்டுப் போகும்,
பூஜ்ஜியத்தை ஆளாக எண்ணி
வகுக்கிற வரிசையில் உட்கார வைக்கும்.

அழித்தேன்.
இருபத்தெட்டு.

இன்னும் பதினேழு பெயர் பாக்கி, அதில்
இரண்டு குப்புசாமி.

ஐந்தரைக்குப் போன் வந்தது.
"கண்ணு, அந்த மாசி லோடு நல்ல கிழங்கு,
அதுக்கு எவ்வளவு போட்டீங்க?"

எதுவும் போடவில்லை ஐயா என்றேன்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
கூடுதல் பணம் உண்டு என்று சொன்ன பிறகும்
அதையே கேட்டார்.

வெளியே களத்தில்
ஈர மாவு காய்ந்துகொண்டிருந்தது.
அந்த லோடு எப்போதோ ஜவ்வரிசியாகி
மூட்டை கட்டி லாரி ஏறி
புனேயில் யாரோ ஒரு விரதக்காரரின் தட்டில்
முடிந்திருக்கும்.
எத்தனை பாயிண்ட் என்று
அவரும் கேட்டிருக்கமாட்டார்.