நூறு யென்னுக்குத் தொண்ணூறு விநாடி

திங்கட்கிழமைதோறும் காட்சிமேட்டுக்கு ஏறுகிறேன்,
சாவிக்கொத்து, துடைதுணி, நாணயப் பை.
தொலைநோக்கியின் வயிற்றைத் திறந்தால்
ஒரு வாரத்துக் கூட்டம் உள்ளே கிடக்கும்:
நூறு யென் காசுகள்,
ஏமாற்றப் பார்த்த ஒரு கொரியக் காசு,
ஒருமுறை சட்டைப் பொத்தான்.

கண் வைக்கும் இடத்தில் மை, வியர்வை,
யாரோ ஒருத்தியின் இமைமயிர்.
துடைக்கிறேன்.
தெளிந்ததா என்று பார்க்க
என் காசைத்தான் போடவேண்டும்.
ஊர்ச் சங்கத்தின் செலவுக் கணக்கில்
அதற்கு இடமில்லை.

முதலில் மலை.
ஷிரோகாமே, வெள்ளை ஆமை என்று பொருள்.
பனி விழும்வரை அது சாம்பல் ஆமைதான்,
நவம்பருக்கு முன்னால் வருகிறவர்கள்
பெயர்ப்பலகையையும் மலையையும்
மாறிமாறிப் பார்ப்பார்கள்.

பிறகு கூரைகள்.
பாதி படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்த
பதினேழு புத்தகங்கள்.
நான்காவது எங்களுடையது.
வழிகாட்டித் தாளில் அதற்கு இருநூற்றெண்பது வயது.
உள்ளே சலவை இயந்திரம் இருப்பதைத்
தாள் சொல்லாது.
துவைத்த துணி தெருப்பக்கம் தெரியக்கூடாது,
படம் எடுப்பவர்களுக்கு இடைஞ்சல் என்பது விதி.
அதனால் கொடியைக் கொல்லையில் கட்டினோம்,
மலை மட்டுமே பார்க்கும் இடத்தில்.

மலை மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

தொகுமாசா, என் கணவர்,
இருபத்தோரு வருடமாகச் சிங்கத்தின் பின்னங்கால்.
அறுவடைத் திருவிழாவில்
பச்சைத் துணிக்குள் குனிந்து
முன்னால் போகிறவனின் இடுப்பைப் பார்த்தபடியே
ஊரைச் சுற்றி வந்தவர்.
தலை ஆடும் இவாமுரோவுக்கு
இந்த வருடம் முழங்காலில் அறுவை.
"தலையா? எனக்கெதற்கு,
சின்னப் பையன்கள் யாராவது ஆடட்டும்"
சூப்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார், புதன்கிழமை.

வட்டக் கண்ணாடிக்குள்
அவர் தலையில் என் சலவைக் கூடை.
இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து
உலுக்குகிறார், தாழ்கிறார்,
படுக்கை விரிப்பை மோப்பம் பிடிக்கிறார்.
சிங்கம் தலையைக் கடித்தால்
குழந்தைக்கு நோய் அண்டாது என்பார்கள்.
கடித்துப் பழகுகிறார்,
தலையணை உறையை.
மேளமும் குழலும் கூடைக்குள் மட்டும் கேட்கின்றன போலும்,
நின்று, எண்ணி, மறுபடி தொடங்குகிறார்.
தலை சிங்கம்.
இடது கால் இன்னும் பின்னங்கால்தான்.

டக்.
இருட்டு.
பையைத் துழாவினேன். இன்னொரு காசு.

என் பின்னால் மழைச்சட்டை போட்ட ஒரு குடும்பம்.
"கூடை மாமா வந்துட்டாரா?" என்றான் பையன்.
நேற்றே பார்த்திருக்கிறான்,
விடுதியில் இரண்டு இரவு தங்கல்.
அவன் அம்மா மிக மரியாதையாகக் கேட்டாள்,
அதுவும் நிகழ்ச்சி நிரலில் உண்டா என்று.
"குருவி விரட்டும் பொம்மை,
காற்றுக்கு ஆடும்" என்றேன்.
பையன் என்னை நம்பவில்லை.
காற்றே இல்லை அன்று.

மதியம் ஸ்பானரோடு மறுபடி ஏறினேன்.
தொலைநோக்கியின் கழுத்தில் ஒரு திருகு உண்டு.
இறுக்கினால் நீர்ச்சக்கரத்தோடு நின்றுவிடும்,
அதைத் தாண்டித் திரும்பாது.
மலைக்குக் குறைவில்லை,
கூரையிலும் பதினைந்து தேறும்.
இதுவரை யாரும் புகார் தரவில்லை.

இரவு அவருக்குக் கழுத்துப் பிடிப்பு.
விறகு பிளந்ததில் என்றார்.
மூன்று நாளாக விறகு பிளக்கவில்லை.
வலிப்பட்டையின் தாளை உரித்து
ஒன்றும் கேட்காமல் ஒட்டினேன்.
கூடை அதன் இடத்தில் இருந்தது,
விளிம்பில் புதிதாய் ஒரு விரிசல்.

அடுத்த திங்கள்.
சாவி, துணி, பை,
கோட்டின் உள்பையில் ஸ்பானர்.
முதல் பேருந்து இன்னும் பாலம் தாண்டவில்லை.
திருகை அரைச்சுற்றுத் தளர்த்துகிறேன்.
நூறு யென், சொந்தக் காசு.

இடது கால்
கொஞ்சம் தேவலை.