அரைச் சுற்று

ஏற்காடு ஹாஸ்டலில் கரண்ட் இல்லாத ராத்திரி.
கேரம் போர்டின் முதுகில் சாக்பீஸ் எழுத்துகள்,
ஒரு கோடியில் ஆம், எதிர்க்கோடியில் இல்லை,
நடுவில் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்.

பிலோமி தன் அண்ணனைக் கூப்பிட்டாள்.
டம்ளர் ஊர்ந்துபோய் அவன் பைக் நம்பரைச் சொன்னது.
சபூரா அழுதேவிட்டாள். எனக்குச் சந்தேகம்.

மூவர் கண்ணையும் ஸ்கூல் டையால் கட்டிவிட்டு
பலகையைச் சத்தமில்லாமல்
அரைச் சுற்று திருப்பினேன்.

"பதினெட்டாவது வளைவுல... வலிச்சுதாடா?"

டம்ளர் தயங்கவேயில்லை.
இல்லை இருந்த இடத்துக்கே போய் நின்றது.
அங்கே இப்போது ஆம்.

ஆவியில்லை, விரல்தான்.
ஜெயித்துவிட்டேன்.
சன்னலில் பனி, சில்வர் ஓக் கூடத் தெரியவில்லை.

"கட்டை அவுக்கட்டுமா?" என்றாள்.
இருடி என்றேன்.
டம்ளரை அவர்கள் பிடித்திருக்க
பலகையை மட்டும்
பழையபடி திருப்பிவைத்தேன்.