சிகிச்சை முடியும் திகதி

காலாண்டு நள்ளிரவோடு முடிகிறது.
கிளிநொச்சிக் கிளையில் மின்விசிறியும் நானும்.
நாற்பது கோரிக்கைகள் கொழும்புக்குப் போய்விட்டன.
நாற்பத்தோராவது திரும்பத் திரும்ப வருகிறது
சிவப்பு எழுத்தோடு.

தேவரஞ்சிதம், முரசுமோட்டை.
மணல் டிப்பர் தட்டி இடது தொடை.
முதலில் பெயர் பொருந்தவில்லை:
காப்புறுதிப் பத்திரத்தில் ரஞ்சிதம்,
அடையாள அட்டையில் றஞ்சிதம்.
அது ஒரு நிமிட வேலை.

பிறகு காரணம்.
எக்ஸ்றேயில் இரண்டு இரும்புத் துண்டு,
டிப்பரில் இருந்து கழன்றவை அல்ல.
ஒன்றை மட்டும் தெரிவு செய்க என்கிறது பெட்டி.
மறைத்தால் நிறுவனத்துக்கு நாள்கணக்கில் தண்டம்,
சொன்னால் அவவுக்குக் காசு குறையும்.

காலையில் கேட்டிருந்தேன், எந்த நோ டிப்பரின்ட அக்கா?
பிளாஸ்டிக் கதிரையில் காலை நீட்டியபடி,
"பகலிலை நோகிறது டிப்பர், தம்பி.
இரவிலை நோகிறது பழசு."

பகலுக்கும் இரவுக்கும் பெட்டி இல்லை.
டிப்பரைத் தெரிந்தேன்.
குறிப்பில் இரும்பையும் எழுதினேன்,
எழுதியதை இரண்டு தரம் அழித்த பிறகு.

கடைசியாக, சிகிச்சை முடியும் திகதி.
வெறுமையாக விட ஏலாது.
தலைமை அலுவலகத்துக்கு எடுத்தேன்.
கொட்டாவிக்குள் இருந்து ஒரு பெண்குரல்:
"முடியாத கேசா? மார்கழி முப்பத்தொன்று,
வருசத்துக்கு நாலு ஒன்பது போடுங்கோ.
சிஸ்டம் எடுக்கும்."

31.12.9999.
எடுத்தது.
பச்சை எழுத்து, ஓர் இலக்கம், நேரம் 11.52.

போட்டோக்கொப்பிக்குத் தந்ததில் மிஞ்சின
அவவின் முப்பது ரூபா
இன்னும் என் லாச்சிக்குள்.