ஏழாம் நாற்காலிக்கு

குணாளன், அந்தக் குதிரையை அவசரப்பட்டு விற்காதீர்கள்.
நேற்று வாங்கியதை இன்று விற்றால்
பாதி விலைகூடத் தேறாது.
விளையாட்டுதான்,
ஆனாலும் தரகர் தரகரே.

இந்தப் பக்கம் திரும்ப உங்களால் முடியாது, தெரியும்.
உங்களுக்கு இடக்கையில் இரண்டு ஊசி,
எனக்கு வலக்கையில்.
ஆளுக்கு ஒரு கை மிச்சம்.
லாயம் நடத்தக் கட்டைவிரல் ஒன்று போதும்.
அதனால்தான் பக்கத்தில் கிடந்துகொண்டே
செய்தி தட்டுகிறேன்.

ஜெலுத்தோங் கடைவீட்டு மாடி.
கீழே டயர்க்கடைக்காரன் காற்றடிக்கிறான்.
திங்கள் புதன் வெள்ளி, நான்கு மணி நேரம்
இயந்திரம் நம் ரத்தத்தை வெளியே நடத்திப்போய்
ஒரு சுற்று ஓடவிட்டு
மறுபடி கொண்டுவந்து கட்டுகிறது.

புதிதாக வருகிறவர்கள்
கையிலிருக்கும் அத்தனை காசையும்
பளபளக்கும் ஒரு கறுப்புக் குதிரைமேல் போடுவார்கள்.
நானும் போட்டேன். சூறாவளி என்று பேர் வைத்தேன்.
இரண்டாம் வாரம் கால் பிசகி
மூன்று மாதம் தின்றுகொண்டே நின்றது.
பிறகு மலிவாக மூன்று பிடித்தேன்.
அதில் ஒன்றின் பேர் தண்டச்சோறு.
இன்றுவரை என் லாயத்துக்கு வாடகை கட்டுவது
அந்தக் கழுதைதான்.

பேரைப் பார்த்து வாங்காதீர்கள். தாயைப் பாருங்கள்.
தாய் எத்தனை ஓட்டம் முடித்தது என்று பாருங்கள்,
எத்தனை ஜெயித்தது என்றல்ல.

திரை ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறதே,
அது சிவக்கும்வரை காத்திருக்காதீர்கள்.
குதிரைக்குத் தன் களைப்பு தெரியாது.
முதல் நாள் நீங்கள்
'எனக்கு ஒன்றுமில்லை' என்று எழுந்து
தராசுவரை போய் விழுந்தீர்களே,
அதேதான்.

மழை பெய்தால் தடம் இளகும்.
கனத்த குதிரையை அன்று கட்டிப்போடுங்கள்.

இன்னொன்று.
பத்து வெள்ளி கட்டினால் வைரம் தருகிறேன் என்று
திரை மின்னும், கெஞ்சும், மணி அடிக்கும்.
ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள்.
பதினெட்டு வருடம் நம்பர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்
சீட்டு எழுதினவள் நான்.
கனவில் வந்த கார் நம்பர், செத்தவர் வீட்டு நம்பர்,
பிள்ளையின் பள்ளிக்கட்டணம்,
எல்லாம் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான்
உள்ளே வந்தன.
வெளியே போனது ரொம்பக் கொஞ்சம்.

சரி, பேர் வைத்தாயிற்றா?
அரை கிளாஸ் தண்ணீர்!
சிரிக்க வைக்காதீர்கள், ஊசி ஆடுகிறது.
ஒரு நாளைக்கு நமக்கு அளந்து தருவதையே
ஓடவிடுகிறீர்களா?

மூன்று நாற்பதுக்குப் போட்டி.
தடம் ஈரம். உங்கள் குதிரை கனம்.
மஞ்சள் கோடு ஏறக்குறையச் சிவப்பு.
வேண்டாம் என்று மூன்று தடவை தட்டினேன்.
நீங்கள் பதில் போடவில்லை.
போட்டியாளர் பட்டியலில் எட்டாவதாக
அரை கிளாஸ் தண்ணீர்.

கடைசி வளைவுவரை தண்டச்சோறு முன்னால்.
அப்புறம் என்னவோ நடந்தது.
என் கணக்கில் அதற்கு இடமில்லை.
மூக்கு நீளத்தில் உங்களுடையது.

உங்கள் இயந்திரம் கத்தியது.
மிஸ்ஸி ஹலீமா ஓடிவந்தாள்.
பிரஷர் நூற்றெழுபது.
என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று மலாயில் கேட்கிறாள்,
'குடா மிஸ்ஸி, குடா' என்கிறீர்கள்.
பாவம், அவள் ஜன்னலுக்குப் போய்
திரையை விலக்கித் தெருவைப் பார்க்கிறாள்.

வாழ்த்துகள்.
என் புத்திமதியை நீங்கள் கேட்டிருந்தால்
தோற்றிருப்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன்.
இருந்தாலும் புதன்கிழமை அதை ஓடவிடாதீர்கள்.
வைக்கோல் போடுங்கள். நிற்கட்டும்.
நீங்களும் எழும்போது
கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுங்கள்.