கவிழ்த்து வைத்த தாள்

பதிவறை ஜன்னலில் இது மூன்றாவது தடவை.
"வீட்டுக்காரரைக் கூட்டி வா" என்கிறான்.
ஆபரேஷன் தாளில் கையெழுத்து அவருடையதாம்.
வயிறு என்னுடையது.

கட்டியை மட்டும் எடுத்தார்களா,
கூடவே வேறெதையுமா?
அது தெரிந்தால் போதும் எனக்கு.

ஆறாம் மாடி லூர்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.
மருந்துக்கடைப் பையன்
சீட்டைப் பார்த்ததுமே உச்சுக் கொட்டினான்.
இன்சூரன்ஸிலிருந்து ஒருத்தி
"செல்லக்கனி ஜீ" என்று இழுத்து
என் எடை, என் சர்க்கரை,
நான் கடைசியாய் விலக்கான தேதி
எல்லாம் ஒப்பித்தாள்.
மனப்பாடமாய் வைத்திருக்கிறாள் என்னை.

நோட்டரி கடை குமாஸ்தா
நாற்பது ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தான்:
எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும்.
எண்ணிக்கொண்டு போய் நின்றேன்.

நாடா கட்டிய கோப்பு வந்தது,
டீ வட்டம் ஒன்று மேலே.
"ஜெராக்ஸ் எடுத்துட்டுத் திருப்பிக் குடு."

மாட்டுங்கா ரயிலடி,
மழைக்குத் தார்ப்பாய் கட்டிய கடை.
அவன் ஒவ்வொரு தாளாய்
எழுத்து கீழே போகக்
கண்ணாடியில் கவிழ்த்தான்.
பச்சை வெளிச்சம்
அடிவயிற்றில் ஊர்ந்து போனது போலிருந்தது.
ஒரு வரி படிக்கவில்லை அவன்.
கண் கிரிக்கெட்டில்.
முப்பத்தொன்பது பக்கம், எழுபத்தெட்டு ரூபாய்.
இரண்டு ரூபாய்க்கு மிட்டாய் கொடுத்தான்.

எல்லாம் இங்கிலீஷ்.
எனக்கு என் பெயரும் தேதியும்தான் பிடிபடுகிறது.
லேடீஸ் பெட்டியில் பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்க்க
கவிழ்த்துக்கொண்டேன் மடியில்.

யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்?
சயான் வந்தது, இறங்கவில்லை.
குர்லா தாண்டியும்
யோசித்துக்கொண்டிருந்தேன்.