பின் வரிசை, சுவரோரம்

மாம்பலம் ஸ்டேஷனுக்கு மேற்கே
தகரக் கூரையின் கீழ்
ஒரு நாளைக்கு முந்நூற்று நாற்பது வண்டி.
எது எங்கே நிற்கிறதென்று எழுதி வைப்பதில்லை.
கேட்டால் கை தானாக நீளும்:
சாம்பல் ஆக்டிவா மூன்றாவது தூண்,
கண்ணாடி உடைந்த பல்சர் அதற்கு இந்தப் பக்கம்.

ராத்திரி பதினொன்றரைக்குச் சங்கிலி போடுவேன்.
காலையில் நேற்றைய வரிசை மண்டையில் இருக்காது.
இருந்தால் பிழைக்க முடியாது.
யோசித்துப் பாருங்கள், ஒரே தூணில்
திங்களும் செவ்வாயும் புதனும்
ஹேண்டில் சிக்கிக்கொண்டு நின்றால்.

"தேவசகாயம் அண்ணா, உங்க மூளைய
ஒரு மணி நேரம் குடுங்க" என்றாள் நஸ்ரீன்.
சிவப்பு டியோ, மாதப் பாஸ்.
தரமணியில் ஏதோ ஆராய்ச்சி.
போக வர ஆட்டோ, ஒரு வேளை சாப்பாடு, எழுநூறு ரூபாய்.
பெல்ட்டைக் கழற்றினேன், மோதிரத்தை, கழுத்துச் சிலுவையை.
குழாய்க்குள் தள்ளினார்கள்.
பறக்கும் ரயில் பாலத்துக்கு அடியில்
மல்லாந்து படுத்த மாதிரி சத்தம்.

காதில் அவள் குரல்:
நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்க?
பேச வேணாம், நினைச்சா போதும்.

லெமன் சாதம்.
ஊறுகாய்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன்.
எண்ணெய் விரலோடு ஒருத்தருக்கு முப்பது ரூபாய் மீதி கொடுத்தேன்,
அவர் நோட்டை முகர்ந்து பார்த்தார்.
எல்லாம் வந்தது, ஈரம் காயாமல்.

முதல் சம்பளம்?

ஆயிரத்து இருநூறு. சந்தோஷமாக இருந்தது.
அவ்வளவுதான்.
யார் கொடுத்தார், கவரிலா கையிலா, வெயிலா,
ஒன்றும் இல்லை.
கரும்பு மிஷினில் நாலாவது தடவை நுழைந்து வந்த சக்கை.

பழசுல மறக்காத ஒண்ணு, நீங்களே எடுங்க.

எடுக்க வேண்டியதில்லை, நின்றுகொண்டிருக்கிறது.
பின் வரிசை, சுவரோரம், நீல ஸ்கூட்டி.
பதினோரு வருஷம்.
டோக்கன் எழுபத்து மூன்று.
காலை எட்டே கால், பீச் வண்டி உள்ளே வந்துவிட்டது,
ஒருவன் ஓடினான்.
"ஏழு மணிக்கு எடுத்துக்கறேன்."
எந்த ஏழு என்று சொல்லவில்லை.

போலீஸிடம் சொன்னேன்: முப்பது வயசு, நீலச் சட்டை.
முதலாளியிடம் சொன்னேன்.
வேறு ஏதோ வண்டியைத் தேடி அழுதுகொண்டு வந்த
ஒரு பெண்ணிடமும் சொன்னேன், நீலச் சட்டை.
சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிவிட்டது,
பழைய பிரேக் லீவர் மாதிரி.

குழாய்க்குள் அன்றைக்குத் தூறல் போட்டது.
அவன் கறுப்பு ரெயின்கோட்டில் இருந்தான்,
கழுத்து வரை பட்டன்.
சட்டையை நான் பார்க்கவே இல்லை.
நீலம் வண்டியுடையது.

வெளியே வந்ததும் கேட்டேன்.
திரையில் சாம்பல் நிறத்தில் என் தலை,
பாதி அறுத்த முட்டைக்கோஸ்.
காதுக்கு உள்ளே ஓர் இடத்தைத் தொட்டாள்.
கடல்குதிரைன்னு பேரு.
நேத்துச் சாப்பாட்டுக்கு இங்க நல்லா வெளிச்சம்.
சம்பளத்துக்கு இங்க மங்கல், மேலே லேசா பரவியிருக்கு.
அந்த ஸ்கூட்டிக்கு
சாப்பாட்டுக்கு வந்த அதே இடம், அதே அளவு.
நேத்து நடந்த மாதிரி.

அப்ப ரெயின்கோட் நிஜம்?

அதை இது சொல்லாது அண்ணா, என்றாள்.
ஒவ்வொரு தடவை எடுக்கறப்பவும் புதுசாத்தான் கட்டுது.
எழுநூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தாள்.
நானும் ஒருமுறை எண்ணினேன்.

முதலாளி அதை நகர்த்தச் சொல்கிறார்.
ரெண்டு வண்டி நிற்கிற இடம், ரெண்டு வண்டியின் காசு.
டயர் ரெண்டும் தரையோடு ஒட்டிவிட்டன,
நாலு பேர் பிடித்தால் நகர்ந்துவிடும்.
நகர்த்தலாம்.
அந்த ரெயின்கோட்டை அப்புறம்
எங்கே மாட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஏழு மணி ரயில் வந்து நிற்கிறது.
யாரோ டோக்கனை நீட்டுகிறார்கள்.
கை நீள்கிறது.